லேப்டாப் ஊர்கிறது, டிஸ்க் 100-லேயே நிற்கிறது: எங்கே பார்ப்பது, எதைச் செய்வது

ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்துத் திரும்பினாலும் டெஸ்க்டாப் முழுதாக வந்திருக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற கட்டம் மட்டும் நிறம் அடர்ந்து 100 சதவீதத்தில் நிற்கும். சேலத்தில் ஐந்து ரோட்டிலோ புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கமோ சர்வீஸுக்குக் கொண்டுபோனால் அடிக்கடி கிடைக்கிற தீர்ப்பு, "ஃபார்மேட் அடிச்சிடலாம்ணா". அடித்துக் கொடுத்த பிறகு கொஞ்ச நாள் பறக்கும், அப்புறம் பழைய கதைதான். நோய் எதுவென்று பார்க்காமல் கொடுத்த மருந்து அது. ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் ஃபார்மேட் அடித்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய ஃபைல்களும் சேர்ந்து போகும்.

பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்த்தால் அரை மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிடும். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

மூன்று எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். முதலில் தெரியும் பிராசஸஸ் பக்கத்தில்தான் குழப்பமே தொடங்குகிறது. தலைப்பில் 100% என்றிருக்கும். கீழே ஒவ்வொரு புரோகிராமுக்கும் நேரே 0.1 எம்பி, 0.3 எம்பி என்றிருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 2 எம்பிகூடத் தேறாது. கணக்கு உதைக்கும்.

உதைப்பதற்குக் காரணம், அந்த 100 வேகத்தின் அளவு அல்ல. இடம் நிறைந்ததன் அளவும் அல்ல. டிஸ்க்குக்கு ஒரு கணமும் ஓய்வில்லை, எப்போதும் ஏதாவது ஒரு வேலை அதன் முன்னால் காத்து நிற்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிற பஸ்ஸைப் பாருங்கள்: எஞ்சின் உச்சத்தில் கத்தும், வண்டி நகர்வதோ ஃபர்ஸ்ட் கியரில்.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் இடப்பக்கம் டிஸ்க் 0-வைத் தேர்ந்தெடுங்கள். பெயருக்குக் கீழேயே எச்டிடியா (தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா (சுழலாமல் சிப்பில் சேமிப்பது) என்று போட்டிருக்கும். வலப்பக்கம் கீழே ஆக்டிவ் டைம், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம், ரீட் ஸ்பீடு, ரைட் ஸ்பீடு ஆகியவை தெரியும். ஆக்டிவ் டைமைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அதோடு ரெஸ்பான்ஸ் டைமையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். ஹெட் சரியான தடத்துக்குப் போகவும் வேண்டிய இடம் சுற்றி வரவும் சராசரியாக 17, 18 மில்லிசெகண்ட் ஆகும். அப்படியானால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவலைக் கேட்டால் நொடிக்கு 60 முதல் 100 கோரிக்கைக்கு மேல் அதால் முடிக்க முடியாது. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் மொத்தமே அரை எம்பிக்குள். அதே டிஸ்க் ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாக வாசித்தால் நொடிக்கு 100 எம்பி சாதாரணமாக வரும். விண்டோஸ் பின்னணியில் செய்யும் வேலைகள் பெரும்பாலும் முதல் வகை.

இதை வைத்து எண்களைப் படிக்கலாம். ஆக்டிவ் டைம் 100, வேகம் 80, 100 எம்பி, ரெஸ்பான்ஸ் டைம் இரண்டிலக்கத்தில் என்றால் டிஸ்க் ஒழுங்காக உழைக்கிறது. ஏதோ பெரிய காப்பியோ ஸ்கேனோ ஓடுகிறது, விட்டுவிடுங்கள். வேகம் 1, 2 எம்பி, ரெஸ்பான்ஸ் 50 முதல் 300 மில்லிசெகண்ட் என்றால் சின்னச் சின்னக் கோரிக்கைகள் குவிந்து டிஸ்க் திணறுகிறது. பழைய லேப்டாப்களில் மிக அதிகமாகக் காண்பது இதைத்தான். வேகம் சுழியத்தை ஒட்டி, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் நிற்கிறது என்றால் டிஸ்க்கோ கேபிளோ டிரைவரோ கெட்டிருக்கலாம். இந்த மூன்றாவது நிலையில் வேறு எதையும் தொடுவதற்கு முன் முக்கிய ஃபைல்களைப் பென்டிரைவுக்கு எடுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் அளவுகோலே வேறு. சாதாரண உபயோகத்தில் ரெஸ்பான்ஸ் டைம் 1, 2 மில்லிசெகண்டைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 30-க்கு மேல் நின்றால் ஏதோ சரியில்லை.

ஒரு எச்சரிக்கை: ஆன் செய்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் ஹார்ட் டிஸ்க் உள்ள எந்த விண்டோஸும் 100-ஐத் தொடும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதற்குப் பிறகும் சும்மா இருக்கும்போது இறங்கவில்லை என்றால்தான் பிரச்சினை.

யார் கேட்கிறார்கள்

ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, டிஸ்க் பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் ஆக்டிவிட்டி என்ற பகுதியை விரித்தால் எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது என்பது ஃபைல் பெயரோடு ஓடும். டோட்டல் என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் கேட்பவர் மேலே வருவார். இரண்டு மூன்று நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். அடிக்கடி மேலே வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேஜ்ஃபைல் என்ற ஃபைல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம் போதவில்லை. எம்எஸ்எம்பிஇஎன்ஜி (MsMpEng) என்றால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர். டைவொர்க்கர் என்றால் விண்டோஸ் அப்டேட் நிறுவப்படுகிறது. சர்ச் இண்டெக்ஸர் என்றால் தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியலிடுவது. காம்பாட் டெல் ரன்னர் என்பது மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் விவரங்களைச் சேகரிப்பது; சில நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நிற்க வேண்டியது. வெறுமனே சிஸ்டம் என்றே மேலே நின்றால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, விண்டோஸின் பாதி வேலை அந்தப் பெயரில்தான் நடக்கும். வலப்பக்கத்தில் அது தொடும் ஃபைலின் பெயரைப் பாருங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலை

இதைத் தவிர்த்துவிட்டு நேரே சர்வீஸ்களை நிறுத்தப் போவதுதான் எல்லோரும் செய்வது. வரிசை தலைகீழ். கெட்டுப்போகும் டிஸ்க்கில் எந்த சர்வீஸை நிறுத்தினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கித் திறங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தோடு நின்றுவிடாமல் கீழே உள்ள பட்டியலையும் படியுங்கள். எண்கள் கணினிக்கே உரிய பதினாறடிமானத்தில் இருக்கும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் படிக்க எளிது.

பார்க்க வேண்டியவை நான்கு. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னத் துண்டுகளின்) எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. சி7 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே எத்தனை முறை தகவல் சிதைந்தது என்பது. இது ஏறினால் டிஸ்க்கைவிட கேபிளையோ கனெக்டரையோதான் சந்தேகிக்க வேண்டும், கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாலே தீர்ந்துவிடுவதும் உண்டு. ஏறிய எண் இறங்காது. ஆனால் மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

சி5 தான் டிஸ்க்கை 100-ல் நிறுத்தும் நேரடி எதிரி. வாசிக்க முடியாத செக்டரை டிஸ்க் விட்டுவிடாது. திரும்பத் திரும்ப முயலும், அந்த முயற்சி முடியும்வரை பின்னால் நிற்பவை எல்லாம் காத்திருக்கும். மவுஸ் நகரும், எதுவும் திறக்காது, அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாகத் திறக்கும். இப்படி உறைந்து விடுபட்டால் சந்தேகமே வேண்டாம், முதலில் பேக்கப்.

05-ல் ஐந்தாறு செக்டர் மட்டும் வருடக்கணக்கில் அப்படியே நின்றால் டிஸ்க் ஓடும். இன்று 8, அடுத்த வாரம் 40 என்று ஏறினால் அதன் நாள் எண்ணப்பட்டுவிட்டது. சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 01, 07 இரண்டிலும் கோடிக்கணக்கில் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த நிறுவனம் அங்கே எழுதும் முறையே அப்படி.

இன்னொரு சாட்சி ஈவென்ட் வியூவரில் இருக்கிறது. விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் பதிவைத் திறந்து, டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153, ஸ்டோர் ஏஎச்சிஐ என்ற மூலத்திலிருந்து 129 என்ற எண்கள் வந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். 7 கெட்ட செக்டர். 153 என்றால் ஒரு கோரிக்கை தோற்று மறுபடி அனுப்பப்பட்டது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாமல் போனதால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. லேப்டாப் உறைந்த நேரமும் இந்தப் பதிவின் நேரமும் ஒத்துப்போனால் காரணம் கையில்.

சி5 இருக்கும்போது, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஆர் விருப்பத்தோடு ஓட்டச் சொல்லும் அறிவுரைகளை நம்ப வேண்டாம். அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் வாசிக்கும். 1 டிபி டிஸ்க்கில் பல மணி நேரம். ஏற்கெனவே மூச்சு வாங்கும் டிஸ்க் அந்த ஓட்டத்தில் செத்துப்போகலாம். ஃபைல்களை எடுத்த பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

மின்சாரம், வெயில், பனி

சேலத்தில் கோடை மழைக்கு முன் காற்று அடித்தாலே கரண்ட் போகும். ஏற்காட்டில் இடிமழைக் காலத்தில் சொல்லவே வேண்டாம். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை சார்ஜரிலேயே ஓட்டுபவர்களுக்கு இது நேராக டிஸ்க்கில் போய் விழும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்த செக்டர் அரைகுறையாக நிற்கும், அதுதான் பின்னால் சி5-ல் எண்ணாக வருகிறது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மாதிரி இடங்களில் நாள் முழுக்க டேலியில் பில் போடும் லேப்டாப்களுக்கு எஸ்எஸ்டிக்கு முன் வாங்க வேண்டியது புது பேட்டரி. அது முடியாவிட்டால் ஒரு சின்ன யுபிஎஸ்.

ஹார்ட் டிஸ்க்கின் வெப்பம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவிலேயே தெரியும். பொதுவாக 60 டிகிரி வரை தாங்குமென்று வடிவமைக்கப்படுபவை அவை. சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் 55-ஐத் தொடுவது கஷ்டமில்லை. பவர்லூம் ஓடும் இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி பக்கம் பஞ்சுத் தூசி ஃபேன் வாயிலில் கம்பளி போல அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தால் பிராசஸர் வேகமாகும், டிஸ்க் குளிரும். ஆனால் 100 சதவீதம் அதனால் மட்டும் இறங்கிவிடாது.

ஏற்காட்டின் உயரத்தால் டிஸ்க் கெடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இவ்வகை டிஸ்க்குகள் 3000 மீட்டர் வரை ஓடும். கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று, பனியில் குளிர்ந்த பையிலிருந்து எடுத்து உடனே ஆன் செய்வது. உள்ளே ஈரம் படிந்திருக்கலாம், அறைச் சூட்டுக்கு வர அரை மணி விடுங்கள். இரண்டு, ஸ்லீப்பில் போட்டபடி பைக்கில் வைத்துக் கொண்டைஊசி வளைவுகளை இறங்குவது. பைக்குள் அது விழித்துக்கொண்டால் சுழலும் தட்டின்மேல் ஹெட் ஆடும். மலை இறங்குமுன் முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள்.

டிஸ்க் நலம், ஆனாலும் 100

இங்கே முதலில் கேட்க வேண்டியது ரேம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் மட்டுமே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். குரோமில் ஏழெட்டு டேப், வாட்ஸ்அப் டெஸ்க்டாப், டேலி என்று திறந்ததும் மிச்சம் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைலுக்குப் போகும். ரேமின் வேலையை ஹார்ட் டிஸ்க் செய்ய வேண்டும், நொடிக்கு 60, 100 கோரிக்கை என்ற வேகத்தில். ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்ற கோடு தொடர்ந்து நூற்றுக்கணக்கில் நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

பேஜ்ஃபைலை அணைத்துவிட்டால் டிஸ்க் இறங்கிவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய. டிஸ்க் இறங்கும், உண்மைதான். அப்புறம் புரோகிராம்கள் மெமரி இல்லை என்று ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அணைக்காதீர்கள்.

ரேமைக் கூட்டுவதுதான் வழி. அதே மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரி 2-ல் 1 என்று சொன்னால் நல்ல காலம், இன்னொரு 4 ஜிபியைப் பக்கத்தில் போடலாம். வாங்குமுன் டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று பாருங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. டிடிஆர்3 காலத்து லேப்டாப்களில் இன்னொரு கண்ணி உண்டு: 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் மாடல்களில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் ஆன் ஆகாது. பழைய ரேமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது பின்னணி வேலைகள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளை இயல்பாக இரவு 2 மணிக்கு வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் லேப்டாப் அணைந்திருந்தால் அடுத்து சும்மா இருக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போகும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் ஷட் டவுன் செய்து, சுவரில் சுவிட்சையும் அணைத்துவிடுவதுதான் வழக்கம். அதனால் அப்டேட், ஸ்கேன், இண்டெக்ஸ், சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் எதுவுமே முடிவதில்லை. காலையில் ஆன் செய்ததும் எல்லாம் சேர்ந்து தொடங்கும், பாதியில் மறுபடி அணைப்பீர்கள், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. ஏற்காட்டில் எஸ்டேட் கணக்குக்கு வைத்திருக்கும் லேப்டாப்களில் இது இன்னும் மோசம்: மேலே நெட் சரியாக எடுக்காது, மாதம் ஒருமுறை சேலம் வந்து வைஃபையில் இணைத்ததும் ஒரு மாதத்து அப்டேட்டும் ஒன்றாக இறங்கும். அன்று பூராவும் லேப்டாப் நகராது.

மருந்து சுலபம். ஒரு ராத்திரி சார்ஜர் போட்டு, நெட் இணைத்து, ஸ்லீப் போகாதபடி செட்டிங்ஸில் நெவர் என்று மாற்றி, ஒன்றும் திறக்காமல் விட்டுவிடுங்கள். காலையில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைப் பார்த்து, கேட்டால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட். பிறகு இன்னொரு ராத்திரி. நிறைய லேப்டாப்கள் இதிலேயே பாதி சரியாகும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் அந்த இணைப்பை மீட்டர்டு என்று குறித்து வையுங்கள். வேலை நேரத்தில் பெரும்பாலான அப்டேட்டுகள் இறங்காது. அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறையாவது நல்ல இணைப்பு கொடுக்கத்தான் வேண்டும்.

அதற்கும் இறங்காதபோதுதான் சர்வீஸ்கள். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து சிஸ்மெயின் என்பதைக் கண்டுபிடியுங்கள். அடிக்கடி பயன்படுத்தும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது அதன் வேலை. ரேம் தாராளமாக இருந்தால் நல்ல வேலைக்காரன், 4 ஜிபியில் தொல்லை. உடனே டிஸேபிள் செய்யாமல், ஸ்டாப் மட்டும் கொடுத்துப் பத்து நிமிடம் ரெஸ்பான்ஸ் டைமைப் பாருங்கள். இறங்கினால் டிஸேபிள், மாற்றமில்லை என்றால் மறுபடி ஸ்டார்ட். விண்டோஸ் சர்ச்சையும் இதே முறையில் சோதியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் நிறுத்தினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போகும்.

இண்டெக்ஸர்தான் காரணமென்றால் முழுதாக அணைக்கத் தேவையில்லை. இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் மாடிஃபை கொடுத்து, டேலி டேட்டா ஃபோல்டர், புகைப்படக் குவியல், பழைய பேக்கப் ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

டிஃபெண்டருக்கும் அப்படியே. டேலி நொடிக்கு நொடி தொடும் டேட்டா ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷன் பட்டியலில் சேர்க்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ சி டிரைவ் முழுவதையுமோ சேர்த்தால் வீட்டுக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். இன்னொரு ஆன்டிவைரஸ் இருந்தால், முக்கியமாக லேப்டாப்போடு வந்து காலாவதியாகிக் கிடப்பதை, முழுதாக நீக்குங்கள்.

ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலில் பிரின்டர் உதவியாளர், கேம் லாஞ்சர், டோரண்ட் எல்லாவற்றையும் டிஸேபிள் செய்யலாம். சி டிரைவில் 15 சதவீதமாவது காலி இடம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் டிஃபிராக் ஒழுங்காக நடக்காது. டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துச் சுத்தம் செய்தால் பழைய அப்டேட் மிச்சங்களே சில ஜிபி போகும்.

எஸ்எஸ்டி போட்டும் 100 என்றால்

விலை குறைந்த, சொந்த ரேம் சிப் இல்லாத எஸ்எஸ்டிகள் முதல் சில ஜிபியை வேகமாக வாங்கிக்கொண்டு, அந்த வேகக் கிடங்கு நிறைந்ததும் ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாகக்கூட எழுதலாம். இடம் நிறைய நிறைய அந்தக் கிடங்கும் சுருங்கும். 240 ஜிபியில் 8 ஜிபி மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு மெதுவாக இருக்கிறது என்றால் முதலில் இடம் காலி செய்யுங்கள், பிறகு ஆப்டிமைஸ் டிரைவ்ஸில் அந்த டிரைவுக்கு ஒருமுறை ஆப்டிமைஸ் கொடுங்கள். எஸ்எஸ்டிக்கு அது டிஃபிராக் செய்யாது, காலி இடத்தைத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையை அனுப்பும்.

டிஸ்க் நலம், ரேம் போதும், வேகம் சுழியம், ஆனாலும் ஆக்டிவ் டைம் 100 என்று ஒரு விசித்திர நிலை உண்டு. விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட பிழை இது: விண்டோஸோடு வரும் ஸ்டோர் ஏஎச்சிஐ டிரைவரும் சில கன்ட்ரோலர்களும் எம்எஸ்ஐ என்ற இன்டரப்ட் முறையில் ஒத்துப்போவதில்லை. டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ ஏடிஏ கன்ட்ரோலர்ஸுக்குள் ஸ்டாண்டர்டு சாடா ஏஎச்சிஐ கன்ட்ரோலரைத் திறந்து, டிரைவர் டீடெய்ல்ஸில் அந்த டிரைவர் பெயர் இருந்தால் இது சாத்தியம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சாடா டிரைவர் இருந்தால் அதைப் போடுவதே பாதுகாப்பான வழி. அது கிடைக்காவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கன்ட்ரோலருக்குக் கீழே எம்எஸ்ஐ சப்போர்ட்டடு என்ற மதிப்பை 1-லிருந்து 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

மிக ஒல்லியான, 64 ஜிபி இஎம்எம்சி லேப்டாப்களில் சேமிப்பு சிப் போர்டிலேயே ஒட்டியிருக்கும். மாற்ற முடியாது. பாரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது

மேலே சொன்ன எல்லாம் செய்து பார்த்தும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 கோரிக்கைக்கு மேல் தராது. ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பில் மாட்டும் சாதாரண சாடா எஸ்எஸ்டி பல்லாயிரம் தரும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்புக்கு ரேம், எஸ்எஸ்டி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், டிஸ்க்கை மாற்றுங்கள், ரேம் அடுத்து. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும்.

2.5 இன்ச், 7 மிமீ தடிமன் சாடா எஸ்எஸ்டி பெரும்பாலான பழைய லேப்டாப்புக்கு அப்படியே உட்காரும். பழையது 9.5 மிமீ என்றால் இடைவெளிக்கு பிளாஸ்டிக் ஸ்பேசர் வேண்டும். மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 ஸ்லாட் இருக்கிறதென்று என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள். 2016, 2017 காலத்து மாடல்கள் சிலவற்றில் அந்த ஸ்லாட் சாடா மட்டும் ஏற்கும். மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சி5 சுழியமாக இருந்தால் குளோன் செய்யலாம், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கலாம். பழைய டிஸ்க்கில் பயன்படுத்திய இடம் புது எஸ்எஸ்டியின் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனாகியிருந்தால் ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, அதை அணைத்து, டிகிரிப்ட் ஆகி முடியும்வரை பொறுங்கள். இதை மறந்தவர்கள்தான் நீலத் திரையில் 48 இலக்கம் கேட்டு நிற்பார்கள். யுஎஸ்பி சாடா கேபிளில் எஸ்எஸ்டியை இணைத்து, அந்த எஸ்எஸ்டி நிறுவனமே தரும் குளோனிங் மென்பொருளை ஓட்டுங்கள். குளோனசில்லா இலவசம், ஆனால் சின்ன டிஸ்க்குக்கு மாற்றும்போது பார்ட்டிஷனை முன்கூட்டியே சுருக்க வேண்டும், புதியவர்களுக்குக் கொஞ்சம் கடினம். முடிந்ததும் ஷட் டவுன், சார்ஜர் கழற்றல், பேட்டரி கழற்றல், அதன் பிறகே ஸ்க்ரூ டிரைவர். முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க் உள்ளே இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

சி5-ல் எண் இருந்தால் குளோன் பாதியில் நிற்கும், அல்லது கெட்டதையும் சேர்த்துக் கொண்டுவரும். ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் போர்டோடு சேர்ந்தது; அதே பதிப்பை நிறுவினால் நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். அது இல்லாத லேப்டாப்பில், டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவையில்லை என்றால், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதம் அப்படியே எடுத்து வையுங்கள். ஏதாவது ஃபைல் விட்டுப்போயிருந்தால் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். 05, சி5 இரண்டும் சுழியமாக இருந்த டிஸ்க் என்றால் பிறகு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். எண் ஏறிய டிஸ்க்கை பேக்கப்புக்குக்கூட நம்ப வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்; உள்ளே உங்கள் ஆதாரும் பேங்க் பாஸ்புக் ஸ்கேனும் இருக்கும். தட்டில் துளை போட்டுவிட்டு மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.